உட்கார்ந்தே குடிக்கிற மன்றம்

உச்சிப்புளியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, 'ஓய்வுபெற்ற கடற்படை வீரர்கள் மனமகிழ் மன்றம்' என்று பலகை மாட்டிய கட்டடத்தில்தான் பல வருடங்களாகக் குடிக்கிறேன். நான் மிளகாய் விவசாயி. பாம்பன் பாலத்தில் பஸ் போகும்போது ஜன்னல் வழியாகக் கப்பலைப் பார்த்ததோடு சரி. மற்ற உறுப்பினர்களும் அப்படித்தான். மன்றத்தைத் தொடங்கிய நேவிக்காரர்கள் ஒவ்வொருவராகக் காலமாகி, கடைசியில் ஒருவர்தான் மிஞ்சியிருந்தார்.

அவருடைய குடியையும் டாக்டர் நிறுத்திவிட்டார். ஆனாலும் தினமும் சாயங்காலம் இஸ்திரி கலையாத சட்டையில் வந்து, கோலி சோடாவை முன்னால் வைத்துக்கொண்டு எங்களை மேய்ப்பார். யாராவது உற்சாகத்தில் கிளாஸைத் தூக்கிக்கொண்டு எழுந்தால் போதும், "ஏலே, உக்காரு. தலை இடிச்சிரும்" என்று அதட்டுவார். கப்பலில் கூரை தாழ்வாம். அதனால் அங்கே யார் பெயரைச் சொல்லிக் குடித்தாலும் உட்கார்ந்தபடிதானாம். எங்கள் மன்றத்துக் கூரையோ ஏணி போட்டால்தான் எட்டும். இருந்தாலும் உட்கார்ந்துவிடுவோம். அவரோடு மல்லுக்கட்ட யாருக்குத் தெம்பு இருக்கிறது?

அவருக்கு இருந்த ஒரே கவலை அந்தப் பலகை. புதுச் செயலாளர் ரியல் எஸ்டேட்காரர்; ஒரே ஒரு நேவிக்காரருக்காக இப்படி ஒரு பெயரா என்று அதை மாற்றத் துடித்துக்கொண்டிருந்தார். "நான் போன மறுநாளே பெயிண்ட் டப்பாவோட வந்துருவான் பாரு" என்றார் கிழவர் என்னிடம். "சும்மா இருங்கண்ணே" என்றேன். வேறு என்ன சொல்ல? அவர் சொன்னதுதான் நடக்கும் என்று நானும் நினைத்தேன்.

போன மாசியில் அவர் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். அந்த வாரமே மன்றத்தில் இரங்கல் கூட்டம். மேசையில் அவர் படம், பக்கத்தில் ஒரு கோலி சோடா. செயலாளர் எழுந்து, "எல்லாரும் எந்திரிச்சு ஒரு நிமிசம் மௌன அஞ்சலி செலுத்துவோம். அப்புறம் பேரு விசயத்தப் பேசி முடிச்சிருவோம்" என்றார்.

ஒருவரும் எழவில்லை. காதில் விழவில்லை என்று நினைத்து அவர் மறுபடியும் சொன்னார். நாங்கள் அவரவர் கிளாஸைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். பின்வரிசையிலிருந்து வயதான விவசாயி ஒருவர்தான் வாயைத் திறந்தார்.

"நீங்களும் உக்காருங்க தம்பி. தலை இடிச்சிரும்."

செயலாளர் ஒருமுறை கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தார். பெயரைப் பற்றி அன்றைக்குப் பேச்சு வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.