குளம்புச் சப்பாத்து

ரங்கூனில் ஓடைக்கரை அரிசி ஆலையொன்றில் நான் சாம்பல் கூடை சுமந்தேன். கொதிகலனுக்கு உமியைத்தான் எரிப்பார்கள். அந்தச் சாம்பல் மேலே வெளுத்திருக்கும். உள்ளே நெருப்பு இருக்கும். செருப்புப் போட்டாலும் கங்கு ஓரமாகப் புகுந்துவிடும். ஒரு கொப்புளம் ஆறுவதற்குள் அடுத்தது எழும்.

ஒருநாள் என் வீட்டுக்காரர் துறைமுகத்து வேலையிலிருந்து ஒரு ஜோடிச் சப்பாத்து கொண்டுவந்தார். ஜப்பான் கப்பலின் தச்சர் ஒருவர் தமக்குச் சிறியதென்று கொடுத்தாராம். ரப்பர் அடி வைத்த கறுப்புத் துணி. கணுக்கால்வரை ஏறிக் கொக்கிகளால் மூடிக்கொள்ளும். கட்டைவிரலுக்குத் தனி அறை, மற்ற நான்கு விரலுக்கும் ஒரே அறை.

அவர் காலுக்கு நுழையவில்லை. "உன் காலுக்குப் பாரு புள்ள" என்றார். எனக்குக் கச்சிதமாக இருந்தது.

மறுநாள் ஆலையில் ஒரே சிரிப்பு. "இவளுக்கு மாட்டுக் குளம்பு முளைச்சிருக்கு" என்றாள், என்னோடு கூடை சுமக்கும் அக்கா. மதியத்துக்குள் எனக்கு வேறு தொல்லை வந்தது. உள்ளே மெட்டி அழுத்தி விரல் வீங்கிவிட்டது. கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டேன். அக்காவின் சிரிப்பு நின்றது.

"புருசன் இருக்கறப்ப மெட்டியக் கழட்டுவாங்களா? அவரு கப்பல்ல மூட்டை ஏத்துற ஆளு. கொஞ்சம் நெனச்சுப் பாரு."

வீட்டில் அவரிடம் சொன்னேன். என் பாதத்தை மடியில் வைத்துத் தழும்புகளைத் தடவினார். "என் உசுரு இந்த வெரல்லயா இருக்கு? போட்டுக்கிட்டுப் போ."

அவர் சொல்லிவிட்டார், எனக்குத்தான் மனம் ஆறவில்லை. ஒருநாள் அவர் வரத் தாமதமானது. வாசலில் உட்கார்ந்து அவசரமாக மெட்டியை மாட்டினேன். ஓடையைக் கடக்கச் சம்பான் படகு கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தவர், என் காலைப் பார்த்தார். எனக்குள் அந்தப் பயம் அவ்வளவு வேர்விட்டிருந்தது அன்றுதான் தெரிந்தது. ஆனாலும் காலையில் மறுபடி கழற்றினேன். கால் சுடும் என்பது நான் கண்டது. மற்றது நடக்குமோ என்ற நினைப்புத்தானே.

சில நாள் கழித்து அக்கா கங்கை மிதித்துவிட்டாள். கூடையை இறக்கிவிட்டுப் பாதத்தை ஊதிக்கொண்டே என் சப்பாத்தைப் பார்த்தாள்.

"அத எனக்கு ஒரு நட குடுக்கிறியா?"

அவள் மெட்டி லேசில் வரவில்லை. சோப்புப் போட்டு இழுத்தோம். விரலில் வெளுத்த வளையம் ஒன்று பதிந்திருந்தது. "கீழ போட்றாத" என்று என்னிடம் கொடுத்தாள். குனிந்து தன் காலையே பார்த்தபடி ஒரு நடை போய்வந்தாள். பிறகு கேட்காமலே இன்னொரு நடை போனாள்.

அதன்பின் காலையில் நான், மதியத்துக்குமேல் அவள் என்று ஆனது. புருஷன் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

மழைக்காலத்தில் துணி இற்று, ரப்பர் வாயைப் பிளந்துவிட்டது. வீட்டுக்காரர் ஜப்பான் கப்பல் வரும்போதெல்லாம் கைஜாடையில் விசாரித்தார், கிடைக்கவில்லை. பழைய செருப்போடு திரும்பப் போன அன்று, இத்தனை வருஷம் பொறுத்த சூட்டை எங்களால் பொறுக்க முடியவில்லை. நானும் அக்காவும் மேஸ்திரியிடம் போனோம்.

"தண்ணி ஊத்தி நெருப்ப அவிச்சாத்தான் சாம்பல அள்ளுவோம்" என்றாள் அக்கா.

அவர் முணுமுணுத்தார். பிறகு ஓடையிலிருந்து தண்ணீர் எடுக்க ஆள் அனுப்பினார்.