எனக்கு மட்டும் ஏம்மா வந்துச்சு?

ஒரு நாள் காலையில் என் மகள் எழுந்து வந்தபோது கண்கள் இரண்டும் உப்பி, இமை பிரிக்கவே சிரமப்பட்டாள். ஏழு வயது அவளுக்கு.

"ரொம்ப நேரம் தூங்கிக்கினு இருந்தா இல்ல, மூஞ்சி கழுவினா சரியாயிடும்" என்றார் என் கணவர்.

அவள் சிறுநீர் கழிக்கும்போது பார்த்தேன். பால் விடாத டீ மாதிரி இருந்தது. எனக்கு அந்த நிறம் தெரியும்.

அவள் வயதில் எனக்கும் இதே கிட்னி வீக்கம் வந்தது. அப்போது நாங்கள் கூட்டேரிப்பட்டில் இருந்தோம். மழை விட்டால் எங்கள் தெருப் பிள்ளைகள் கால்களிலெல்லாம் சிரங்கு. அது ஆறுகிற சமயத்தில் யாராவது ஒருவருக்கு முகம் வீங்கும். என்னை விழுப்புரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது வார்டில் முழுக்க வீங்கின முகங்கள். கட்டிலுக்கு இருவராகப் படுத்துக்கொண்டு, யார் முகம் பெரிது என்று சிரித்துக்கொண்டிருந்தோம். பயமே இல்லை.

என் மகளுக்குச் சிரங்கு வந்ததே இல்லை. இரண்டு வாரத்துக்கு முன் தொண்டை வலித்து, தானாகவே போயிருந்தது. திண்டிவனத்திலிருந்து அவளையும் விழுப்புரத்துக்கே கூட்டிப்போனோம். ரத்த அழுத்தம் பார்த்ததும் டாக்டரம்மா உடனே சேர்க்கச் சொன்னார்.

"தொண்டையில வந்த கிருமியை எதிர்த்து உடம்பு சண்டை போட்டதுல கிட்னி அடிவாங்கியிருக்கு. பெரும்பாலும் முழுசா சரியாயிடும். இப்பல்லாம் எப்பவாவது ஒருத்தர்தான் இப்படி வர்றாங்க."

"எங்க காலத்துல வார்டே நிறைஞ்சு கிடந்துச்சு டாக்டர்."

"அது சிரங்கால வந்ததுங்க. இப்ப சிரங்கும் குறைஞ்சிடுச்சு, வந்தாலும் சீக்கிரமே மருந்து போட்டுடறாங்க."

சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். ஆனால் ஆஸ்பத்திரியில் கொடுத்த உப்பில்லாத இட்லியைத் தள்ளிவிட்டு மகள் கேட்டாள்: "எனக்கு மட்டும் ஏம்மா வந்துச்சு?"

அன்று எங்கள் வார்டில் யாருக்கும் அப்படிக் கேட்கத் தோன்றியதில்லை.

சில நாளில் சிறுநீர் நன்றாகப் பிரிந்தது, வீக்கம் வடிந்தது, ரத்த அழுத்தமும் இறங்கியது. அவ்வப்போது சிறுநீர்ப் பரிசோதனை மட்டும் செய்யச் சொல்லி அனுப்பினார்கள்.

பள்ளிக்கூட வாசலில் அவள் தோழியின் அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "தப்பா நெனைக்காதீங்க. ஒட்டிக்குமா இது?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவர் பயத்திலும் தப்பில்லை, கேள்விப்படாத நோய். "கிட்னி வீக்கம் ஒட்டாதுங்க. தொண்டை வலிதான் ஒட்டும். பாப்பாவுக்கு வந்தா டாக்டர்கிட்ட காட்டிடுங்க" என்றேன்.

அவர் அங்கேயே தன் மகளின் முகத்தை நிமிர்த்தி, "தொண்டை வலிக்குதா?" என்று கேட்டார்.