ஃபியட்டுக்குப் புதுக் குழாய்

எதையும் திறந்து வைத்திருந்தால் ஜெயசீலிக்குப் பொறுக்காது. ஊறுகாய் ஜாடி, தண்ணீர்க் குடம், அரிசி டின் எல்லாவற்றின் மேலும் ஒரு தட்டோ துணியோ இருக்கும். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவள். நாலு பேர் கூடினால் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். சேலையூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து மூன்று வருஷமாகியும், புகுந்த வீட்டார் அவள் குரலைச் சரியாகக் கேட்டதில்லை.

அவள் கணவன் வில்பிரட்டுக்கு உயிர், வாசலில் நின்ற பழைய ஃபியட். அவன் தங்கை ஹில்டா, தன் கல்யாணத்தன்று காலை பரங்கிமலை உச்சியில் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டே தாலி கட்டக் கோயிலுக்குப் போவதாக நேர்ந்திருந்தாள். என் காரில்தான் கூட்டிப்போவேன் என்று வில்பிரட் ஊரெல்லாம் சொல்லிவிட்டான்.

"மலைமேலயா? கடைத்தெருவுக்குப் போகவே உன் வண்டிக்கு மூச்சு வாங்குதே அண்ணா. பாதி வழியில நான் பட்டுப்புடவையோட இறங்கித் தள்ளணுமா?" என்றாள் ஹில்டா.

வில்பிரட்டுக்கு ரோஷம் வந்துவிட்டது. வண்டி உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டைக்குப் போய், என்ஜினுக்குக் காற்று இழுக்கும் பளபளப்பான வளைகுழாய் ஒன்றை வாங்கி வந்தான். கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை அதைக் கார்பரேட்டரில் பொருத்தி முடிக்கும்போது கரண்ட் போயிற்று. முனையில் மாட்டவேண்டிய ஃபில்டரைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டான்.

ஜெயசீலி அந்தப் பக்கம் வந்தாள். குழாய் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. கரப்பான் பூச்சி போய்விட்டால்? அடுப்படியில் பாத்திரம் இறக்கும் கட்டம்போட்ட துணியைச் சுருட்டி, கரண்டிக் காம்பால் உள்ளே தள்ளி அடைத்தாள். பிறகு பூக்கட்ட உட்கார்ந்தவள் அதை மறந்தே போனாள்.

விடிந்ததும் வில்பிரட் ஃபில்டரை மாட்டிக் கிளாம்பை இறுக்கினான். சாவியைத் திருகினான். கர் கர் என்று இருமி அடங்கியது வண்டி. மறுபடியும் அதேதான். மணி ஏழரை. ஹில்டா கண்ணில் மை கலங்க நின்றாள். ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். பிளக்கைக் கழற்றித் துடைத்தும் பார்த்தாயிற்று.

எதிர்வீட்டு லாரிக்காரர் சம்பந்தம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "இன்னா வில்பிரட்டு, பேஜாராக் கீதே! நம்ம லாரி சும்மாத்தான் கீது. பொண்ணப் பின்னாடி ஏத்திக்கினு போவலாமா?"

அடுப்படியில் காபிப் பாத்திரத்தை இறக்கத் துணியைத் தேடிய ஜெயசீலியின் கை அப்படியே நின்றது. ஐயோ!

வெளியே இருபது பேர். அத்தனை பேரையும் தாண்டிப் போய் வில்பிரட்டின் காதில் முணுமுணுத்தாள்.

"என்னது? சத்தமாச் சொல்லு!"

"என் அடுப்படித் துணி குழாய்க்குள்ள இருக்கு. நான்தான் வச்சேன்!"

வில்பிரட் ஃபில்டரைக் கழற்றினான். ஜெயசீலியே இடுக்கியை எடுத்து வந்து உள்ளே விட்டு இழுத்தாள். கட்டம்போட்ட துணி வந்தது, இன்னும் வந்தது, முழம் நீளத்துக்கு வந்தது.

"இன்னாம்மா, வண்டிக்கு ஜலதோஷம்னு மூக்க அடச்சியா?" என்றார் சம்பந்தம். முதலில் சிரித்தது மாமியார்தான்.

சாவியைத் திருகியதும் ஃபியட் உறுமிக் கிளம்பியது. "அண்ணி முன்னாடி உக்காரட்டும். இந்த வண்டிக்கு டாக்டரே அவங்கதான்," என்றாள் ஹில்டா.

பரங்கிமலை ஏற்றத்தில் வில்பிரட் மிதித்த மிதியில், ஜன்னலோரம் கட்டியிருந்த மல்லிகைச் சரம் பிய்த்துக்கொண்டு பறந்தது.

"அண்ணா, மெதுவா!" என்று பின்னாலிருந்து அலறினாள் ஹில்டா.

"இன்னும் கொஞ்சம் மிதிங்க," என்றாள் ஜெயசீலி, எல்லாருக்கும் கேட்கும்படி.