ஆறாங்கட்டைத் தோட்டம்

அம்மாவுக்கு இன்னும் குடிமக்கள் அல்லாதவர்களுக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டைதான். மலேசியாவிலேயே பிறந்தவர் என்று காட்டினால்தான் குடியுரிமை கேட்க முடியும். பிறப்புப் பதிவின் நகல் கேட்டு ஈப்போ அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். பிறந்த இடம் ஆறாங்கட்டைத் தோட்டம் என்று எழுதிக் கொடுத்தேன்.

கவுண்டரில் இருந்த தமிழ்ப் பெண் தேடிப் பார்த்தாள். "அப்படி ஒரு தோட்டமே இல்லலா, அக்கா. ஆறாவது மைல்ல இருந்ததால நம்மாளுங்க கூப்பிட்ட பேரு அது. வெள்ளக்காரன் வச்ச பேரு என்ன?"

அம்மாவைப் பார்த்தேன். அங்கேயே ரப்பர் எடுக்கப் பால்மரம் சீவியவர்.

"அது எனக்கு எப்படித் தெரியும்? ஆறாங்கட்டைன்னா எல்லாருக்கும் தெரியுமே!"

திரும்பும் வழியில் காரை நிறுத்தச் சொன்னார். தோட்டம் இருந்த இடமெல்லாம் இப்போது தாமான் குடியிருப்பு வீடுகள்.

"இங்கதான் பொறந்தேன். அந்தப் பொண்ண வந்து பாக்கச் சொல்லு."

எங்கள் வாயில் மட்டுமே இருந்த ஓர் ஊரில் பிறந்துவிட்டார் அம்மா. அங்கிருந்து அவரை வெளியே கொண்டுவர எனக்கு இன்னும் வழி தெரியவில்லை.