தொப்பியோடு நின்றவர்

மஸ்கெலியாவில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், எங்கள் பந்தாட்ட அணியில் முன்பு கோல் காத்த மாணிக்கம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நம்ம பட்டாளத்தண்ணன் போயிட்டாருங்க. நாளைக்கு மதியம் எடுக்கிறாங்க" என்றார். கடைக்கு எதற்காக வந்தேன் என்பதே மறந்துபோயிற்று.

அண்ணனின் பெயர் வீராசாமி. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனவர். அங்கே அவருடைய பந்தாட்டத்தைப் பார்த்த கல்கத்தா அணிக்காரர்கள், சம்பளம் பேசிக் கூட்டிப்போனார்கள். பந்தடிக்கச் சம்பளம் என்பது அந்நாளில் யாரும் கேள்விப்படாத சங்கதி. "ஓடுறதுக்குச் சம்பளம்னா, தூங்குறதுக்கு பென்சன் குடுப்பானா?" என்று லயமே கேலி செய்ததாம். அண்ணன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

பிறகு யுத்தம் வந்தது. பட்டாளத்தில் சேர்ந்து, பர்மாக் காட்டில் அடிபட்டவர்களைத் தோளில் சுமந்தார். கோல் அடித்த வலது காலிலேயே குண்டுச் சிதறல் பாய்ந்தது. "காலுக்கு லீவு குடுத்துட்டான், அவ்வளவுதான்" என்பார். ஊர் திரும்பித் தேயிலைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். நொண்டியபடியே எங்களுக்குப் பந்தாட்டம் பழக்கினார்.

தோட்டத் தமிழர்களான எங்கள் வாக்குரிமை பறிபோயிருந்த காலம் அது. காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிப்பதைப் பெரட்டு என்போம். தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை வந்தால் ஆண்கள் முண்டாசை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும். புதுத் துரை வந்த அன்று, அண்ணன் தம் பட்டாளத் தொப்பியோடு விறைத்து நின்று சல்யூட் அடித்தார்.

"தொப்பிய எடுய்யா!" என்று வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா கத்தினார்.

"தொப்பி இருந்தாத்தாங்க சல்யூட்டு. எடுத்துட்டா வெறும் கும்பிடு. தொரைக்கு எது வேணும்னு கேட்டுச் சொல்லுங்க."

எனக்கு உயிரே போய்விட்டது. அண்ணனுக்கு வேலை போனால் லயத்து வீடும் போகும். மனைவி, பிள்ளைகளோடு தெருவில் நிற்க வேண்டும். துரையும் பட்டாளத்தில் இருந்தவர். அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குதிகாலைச் சேர்த்து நின்று, பதில் சல்யூட் அடித்தார். எங்களில் ஒருவனுக்கு ஒரு துரை சல்யூட் அடித்ததை என் கண்ணால் பார்த்தேன். இன்று நினைத்தாலும் நெஞ்சு நிமிர்கிறது.

"பரேடைத்தானப்பா நீங்க பெரட்டுங்கிறீங்க? பரேடுன்னா நிமிந்துதான் நிக்கணும்" என்றார் அண்ணன் அன்று மாலை எங்களிடம். அதிலிருந்து ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் "பெரட்டு!" என்று குரல் கொடுப்பார். நாங்கள் முண்டாசோடு வரிசையில் நிமிர்ந்து நிற்போம்.

மறுநாள் குழியருகே, வழக்கப்படி முண்டாசை அவிழ்த்துவிட்டு நின்றோம். எல்லோரும் மண் போட்டு முடித்ததும் மாணிக்கம் கத்தினார்: "பெரட்டு!"

யாரும் யாரையும் பார்க்கவில்லை. முண்டாசை எடுத்துக் கட்டிக்கொண்டு, நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்தோம்.

போயிட்டு வாங்க அண்ணே. முண்டாசு தலையிலதான் இருக்கு.