பாஸ்டன் ஜெயித்த காலை

கண்ணாடிக் கதவுக்கு வெளியே தேநீர்த் தட்டோடு நின்ற உடையப்பன் முதலில் முகத்தைப் பார்த்தான். உள்ளே மேனேஜர் ஹாலரன் தொலைக்காட்சிக்கு முன்னால் நாற்காலி நுனியில் இருந்தார். முகம் சிவந்திருந்தது. அது நல்ல சிவப்பா கெட்ட சிவப்பா என்று பிரித்துச் சொல்ல துபாய் ஜெபல் அலியில் உடையப்பன் ஒருவனால்தான் முடியும்.

“நல்ல சிவப்பு” என்றான், பின்னால் நின்ற முகம்மது யூசுப்பிடம். “குடுங்க பாய், எல்லாத்தையும்.”

யூசுப் பத்து விடுப்பு விண்ணப்பங்களைத் தட்டில் வைத்தான். அவன் கிடங்கில் கணக்கெழுதுபவன், கீழக்கரைக்காரன்.

உடையப்பனுக்கு நாற்பத்தாறு வயது. உத்தியோகம், ஆபீஸ் பாய். ஒன்பது வருடத்துக்கு முன் சுமை தூக்க வந்தவன். இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகு கெட்டிலுக்கு மாற்றினார்கள். ஹாலரன் பாஸ்டன்காரர். அவர் ஊர் பேஸ்பால் அணி கோப்பை வாங்கி எண்பத்தாறு வருடம் ஆகியிருந்தது. அங்கே இரவில் நடக்கும் ஆட்டம் இங்கே விடிகாலையில் வரும். தோற்ற அன்று நீட்டுகிற விண்ணப்பம் திரும்பி வரும், ஜெயித்த அன்று படிக்காமலே கையெழுத்து. இதை முதலில் கண்டுபிடித்தவன் உடையப்பன். கேம்ப் அறையில் தொங்கிய மாதக் காலண்டரில் ஏப்ரலிலிருந்து வெற்றிக்குக் குங்குமமும் தோல்விக்குக் கரியும் வைத்து வந்தான். ராகுகாலம் கேட்பது போல கேம்ப் முழுக்க அவனிடம் நேரம் கேட்டது.

ஆட்டம் மட்டும் அவனுக்குப் புரியவில்லை.

“நாலு மூலைடா. அடிச்சிட்டு மட்டையப் போட்டுட்டு ஓடணும். கெளம்புன எடத்துக்கே திரும்பி வந்தா ஒரு புள்ளி” என்று அறைக்கூட்டாளி பொன்னுச்சாமிக்கு ஒருமுறை விளக்கினான்.

“ஊருக்குப் போயி வந்தா புள்ளியா? அப்ப ஒனக்கு ஒம்பது வருசத்துல மூணு. நீயெல்லாம் என்னத்த ஆடுன?”

அக்டோபரில் நியூயார்க்கோடு மோதி பாஸ்டன் வரிசையாக மூன்று ஆட்டம் தோற்றது. காலண்டர் கரியானது. அந்த நாட்களில் அவசரப்பட்டு நீட்டிய நாலு பேருக்கு லீவு போயிற்று. பிறகு வரிசையாக நாலை ஜெயித்து, இறுதிச் சுற்றிலும் மூன்றை ஜெயித்துவிட்டது. இன்று ஜெயித்தால் கோப்பை.

இந்த நாளுக்காகத்தான் உடையப்பன் தன் விண்ணப்பத்தை இரண்டு வாரமாகச் சட்டைப்பையிலேயே அடைகாத்தான். தீபாவளி கழித்துப் பத்தாம் நாள் சின்ன மகள் பானுப்பிரியாவுக்குக் கல்யாணம். மூத்தவள் கல்யாணத்தை சி.டி.யில்தான் பார்த்தான். மச்சினன் தன் இடத்தில் உட்கார்ந்து தாரை வார்ப்பதை நாலு தடவை ஓட்டிப் பார்த்தான். இந்தத் தடவை காகிதம் சனிக்கிழமை தலைமை ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் டிக்கெட்.

“பதினொண்ணாவது எங்கண்ணே? ஒங்களுது?” என்றான் யூசுப்.

“அது இப்ப இல்ல பாய்.”

“ஏன்?”

“வர்றப்ப பஸ்ஸுல பாக்கலியா? நிலாவப் பாதி கடிச்சிருந்துச்சு.”

யூசுப் பார்த்திருந்தான். “காலண்டர்ல கிரகணம் போட்டுருக்கா?”

“அது ஊருக் காலண்டர். அங்க அதுக்குள்ள விடிஞ்சிருக்கும், தெரியாது. எங்கண்ணுக்குத் தெரிஞ்சுருச்சே. கிரகணம் புடிச்ச நேரத்துல கல்யாணக் காகிதத்த நீட்டுவாகளா?”

“இந்தப் பத்துப் பேரு காகிதத்த மட்டும் நீட்டலாமோ?”

“அவுக சும்மா ஊரு பாக்கப் போறாக.”

“கிரகணம்னா நாங்க தொழுவோம், நீங்க குளிப்பீங்க. காகிதத்தப் பட்டினி போட எந்த ஊர்லண்ணே சொல்லிருக்கு? நோன்பு வச்சவன் நானா, ஒங்க காகிதமா?”

எட்டுக்கு இருபது நிமிடம் முன்பு உள்ளே ஒரு அலறல் கேட்டது. உடையப்பன் தட்டோடு நுழைந்தான். ஹாலரன் அழுதுகொண்டிருந்தார். அவனைக் கட்டிப்பிடித்தார். தேநீர் சிந்தியது. ஈரமான பத்துக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கையை நீட்டினார்.

உடையப்பன் சட்டைப்பையைத் தொட்டான். “மாபி, சார்” என்றான், இல்லை என்பதை அரபியில். “ஆஃப்டர்.”

கிரகணம் எப்போது விடும் என்பதுதான் தெரியவில்லை. நிலா மறைந்து வெயில் ஏறிவிட்டது. உதவி மேனேஜர் விஜயபாஸ்கரிடம் கேட்டான். சென்னைக்காரரான அவர் கம்ப்யூட்டரில் தேடிச் சிரிக்காமல் சொன்னார்: “எட்டு அம்பத்தி நாலு.”

எட்டு ஐம்பத்தைந்துக்கு உடையப்பன் தேநீர் அறைக் குழாயில் தலையை நனைத்தான். அரைகுறையாகத் துவட்டி, நெற்றியில் திருநீறு வைத்து, காகிதத்தோடு கதவைத் தட்டினான். அறையில் தொலைக்காட்சி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலி காலி.

“ஏர்போர்ட் போயிட்டார்” என்றார் விஜயபாஸ்கர். “சனிக்கிழமை அவங்க ஊர்ல கோப்பை ஊர்வலமாம். வர்றதுக்குப் பத்து நாள் ஆகும்.”

உடையப்பனின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. யூசுப் ஒரு துண்டை எடுத்து நீட்டினான். அதுவே கேலியாக இருந்தது.

“அதுவரைக்கும் யாரு சார் கையெழுத்து?”

“நான்தான். ஆனா அந்த அத்தாரிட்டி மெயில் நாளைக்குத்தான் வரும். அப்புறம் பாப்போம்.”

விஜயபாஸ்கர் கிரிக்கெட் பைத்தியம் என்பது எல்லோருக்கும் தெரியும். நாக்பூரில் இந்தியா ஆஸ்திரேலியாவிடம் அடிவாங்கிக்கொண்டிருந்தது. காலண்டரைக் கிழித்துப் புதிதாகத் தொடங்க உடையப்பனுக்கு நேரமில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை, விடுமுறை. உடையப்பன் காலையில் துணி துவைத்தான். பத்து மணிக்குக் கிளம்பி இரண்டு பஸ் மாறி, ஷார்ஜாவில் முவைலா வரை போனான். விஜயபாஸ்கரின் வீட்டை மூன்றாவது தெருவில் கண்டுபிடித்தான். அவர் மனைவி பத்மா கதவைத் திறந்து, சார் நல்ல மூடில் இல்லை என்றாள். பரவாயில்லை என்றான். மெயில் வந்திருந்தது. மதியம் நாக்பூரில் இந்தியா முந்நூற்று நாற்பத்திரண்டு ரன் வித்தியாசத்தில் தோற்றது. விஜயபாஸ்கர் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, விண்ணப்பத்தை இரண்டு முறை படித்து, மேலே போட்டிருந்த பழைய தேதியைத் திருத்தி, கையெழுத்திட்டார். பத்மா காபி கொடுத்தாள். ஐந்து மணிக்கு உடையப்பன் பஸ் ஏறினான்.