தேள் போட்ட பனியன்

அந்தத் தேள் படத்தை அச்சடித்தவன் நான்தான். திருப்பூரில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனிக்கு வந்த வெளிநாட்டுக் குழந்தைகள் உடை ஆர்டரில் இருந்த படம் அது. மிஞ்சிய கறுப்புத் துணியில் பதினோரு பனியன் தைத்து, எங்கள் கிரிக்கெட் டீமுக்கும் அதே தேளைப் போட்டுத் தரச் சொன்னவன் என் அறைத்தோழன். அதே கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைக்கும் டெய்லர். டீமில் எல்லோருக்கும் தெற்கே ஒரே ஊர்.

அந்த வாரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒருவரை வெட்டிவிட்டு ஓடியவர்களில் ஒருவன் கையில் தேள் பச்சை குத்தியிருந்தானாம். ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பனியனோடு மேட்சுக்குக் கிளம்பிய எங்கள் ஆட்களைப் போலீஸ் வழியிலேயே வேனில் ஏற்றிவிட்டது. காய்ச்சலில் அறையில் கிடந்த நான், தகவல் வந்ததும் கம்பெனி சாம்பிளை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

இன்ஸ்பெக்டர் அவர்களைத் தரையில் உட்கார வைத்து, ஒவ்வொருவர் கையாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் செல்போனில் பச்சை குத்திய கைகள், வண்டி ஸ்டிக்கர்கள் என்று வரிசையாகப் படங்கள்.

"ஒரே கலரு, ஒரே படம், ஒரே ஊரு. இதுக்கு மேல என்னங்க அடையாளம் வேணும்?" என்றார். குரலில் கோபமே இல்லை.

சாம்பிளை விரித்துக் காட்டினேன். "இது சின்னப் பிள்ளைக போடுறது சார்."

"சரிங்க. இவங்களுக்குப் போடச் சொன்னது யாருங்க?"

நண்பனைக் கை காட்டினேன். உண்மையைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நம்பித்தான் காட்டினேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். பயந்துபோய்க் காட்டினேன். அவ்வளவுதான்.

"அப்ப இவருதானுங்க தலைவரு," என்று இன்ஸ்பெக்டர் ரைட்டரிடம் சொன்னார்.

சாயங்காலம் போட்டோ எடுத்துக்கொண்டு எல்லோரையும் விட்டார்கள். வெளியே வந்ததும் அவன், "ஏல, நான் கேட்டேன்னு சொன்னியே, எதுக்குக் கேட்டேன்னு சொல்லலியே," என்றான்.

வெட்டியவர்கள் பிறகு பிடிபட்டார்கள். அவன் போட்டோ மட்டும் அந்த செல்போனை விட்டுப் போகவில்லை. எங்கே அடிதடி நடந்தாலும் அவனைக் கூப்பிட்டார்கள். மூன்றாவது முறை கம்பெனிக்கே வந்தார்கள்.

முதலாளி அவனைத் தன் அறைக்கு அழைத்தார். "தப்பா நெனச்சுக்காத கண்ணு. போலீஸ் வந்து போற கம்பெனின்னு ஆர்டர் குடுக்கற பையர் காதுக்குப் போனா நல்லா இருக்காது பாரு." நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே போகவில்லை.

அவன் ஊருக்கே போய்விட்டான். போன வருடம் ஊர்க் கோயில் கொடையில் மனைவியோடு எதிரே வந்தான். "யாரு இவுக?" என்று அவள் கேட்டாள்.

"திருப்பூர்ல ஒரே ரூம்ல இருந்தோம்," என்றான். என்னைத் தாண்டிப் போனான்.